ஊறப் போட்ட தண்ணீர்

கழுவல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே,

உங்களில் யாரும் என் குரலைக் கேட்டிருக்க மாட்டீர்கள். நான் வேலையிலிருந்து நின்ற அன்று இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். நான் அதை முந்தானையால் நன்றாகத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அது ஒரு வசதி. ஐந்தாவதோடு நின்ற எழுத்து. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நம் பால் பிளாண்டில் எல்லாம் பட்டனாகிவிட்டது. ஒன்றை அழுத்தினால் பைப்புக்குள் தண்ணீர் ஓடுகிறது, இன்னொன்றை அழுத்தினால் பிசுக்கை எடுக்கிற சூடான சோடாத் தண்ணீர் ஓடுகிறது. அதைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பட்டனை நடுவில் நிறுத்தவும் முடியும். கரண்ட் போகும், தண்ணீர் தீரும், வீட்டிலிருந்து போன் வரும், பஸ் போய்விடும். அப்போது நிறுத்தலாமா கூடாதா என்று உங்களில் யாரோ ஒருவர் தனியாக நின்று முடிவு செய்ய வேண்டியிருக்கும். நான் ஒரு தடவை தப்பாக முடிவு செய்தேன். அதில் ஆறு பெண்களின் வேலை போகப் பார்த்தது.

அப்போது நம்மிடம் இரண்டு டாங்குகள் இருந்தன. பெரியது பாக்கெட் பாலுக்கு, அதற்கு ஓய்வே கிடையாது. சின்னது அம்பத்தூர்ப் பக்கத்துக் கம்பெனி கேன்டீன்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை கேன்டீன்கள் மூடியிருக்கும், அதனால் சின்ன டாங்கும் சனிக்கிழமை மத்தியானம் காலியாகித் திங்கட்கிழமை விடிகாலைதான் மறுபடி நிறையும். அதைக் கழுவுவது எங்கள் ஆறு பேர் பொறுப்பு. வெளியே பைப்புகளைப் பார்ப்பது நான். உள்ளே இறங்குவது ஸ்டெல்லா. டாங்கின் தலையில் இருந்த வட்ட வாய் அத்தனை சின்னது. எங்களில் அவள் ஒருத்திதான் அதில் நுழைகிற உடம்பு. பூந்தமல்லியில் ஒரு காலனியிலிருந்து வருவாள். வாய் ஓயாது. உள்ளே இறங்கியும் பேசிக்கொண்டே இருப்பாள். அவள் குரல் இரும்புச் சுவரில் உருண்டு உருண்டு, நாலைந்து ஸ்டெல்லாக்கள் சேர்ந்து பேசுகிற மாதிரி வெளியே வரும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், உடம்பு மெலிந்திருந்தபோது, நானும் இறங்கியிருக்கிறேன். உள்ளே போனால் தலைக்கு மேலே அந்த வட்ட வாய் மட்டும் வெள்ளையாகத் தெரியும். சுற்றிலும் எஃகு. நம் முகமே நீண்டும் குறுகியும் நாலாபக்கமும் நிற்கும். மூச்சு விட்டால் டாங்கும் கூடவே மூச்சு விடும். இரும்புக்குள் இருக்கிறோமா, ஏதாவது பெரிய விலங்கின் வயிற்றுக்குள் இருக்கிறோமா என்று தோன்றும். வெளியே வரவே மனசு வராது. அரை மணி நேரம் யாரும் நம்மைப் பார்க்காத இடம் அது. என்னைப் போன்றவளுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

கழுவுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பச்சைத் தண்ணீர் விட்டு ஒட்டியிருக்கிற பாலை அலசி எடுப்பது. உடனே சூடான சோடா. பிறகு மறுபடியும் நல்ல தண்ணீர். கடைசியில் வடிய விட்டுக் காய வைப்பது. முதல் அலசலில் வருகிற தண்ணீரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாலும் இல்லை, தண்ணீரும் இல்லை. விடிகிற நேரத்து வானம் மாதிரி ஒரு நீலம் கலந்த வெளுப்பு. அதைப் பார்த்துக்கொண்டே நின்றால் வேலையே மறந்துபோகும்.

அந்த வருஷம் கோடையில் தண்ணீர்க் கஷ்டம். போர் இழுக்கவில்லை. லாரித் தண்ணீரை நம்பி ஓட்டிக்கொண்டிருந்தோம். சனிக்கிழமை மத்தியானம் பெரிய டாங்குக்குக் கொடுத்ததுபோகச் சின்னதுக்குக் கொஞ்சம்தான் மிஞ்சும். ஒரு சனிக்கிழமை முதல் அலசலை முடித்துவிட்டு யோசித்தேன். வீட்டில் பால் காய்ச்சின பாத்திரத்தை என்ன செய்வோம்? கொஞ்சம் தண்ணீர் விட்டு ஊறப் போடுவோம். ஆடை, அடி பிடித்தது எல்லாம் இளகிவிடும். அப்புறம் தேய்த்தால் இரண்டே இழுப்பில் போய்விடும். நம் வீடுகளில் எல்லாப் பெண்களும் செய்வதுதானே. அலசின தண்ணீரை வெளியே விடாமல் வால்வை மூடினேன். டாங்கின் அடியிலும் பைப்பிலும் அந்த நீல வெளுப்புத் தண்ணீர் அப்படியே நின்றது. திங்கட்கிழமை விடிகாலை சோடா போட்டுக்கொள்ளலாம், அதுவரை ஊறட்டும். தண்ணீரும் மிச்சம், முதுகும் மிச்சம் என்று எனக்குள் ஒரு சந்தோஷம்கூட.

யாரையும் கேட்கவில்லை. கேட்கக் கூச்சம். சொல்லவும் இல்லை.

முதல் திங்கட்கிழமை பத்து மணிக்கு ஒரு கேன்டீனிலிருந்து போன் வந்தது. காய்ச்சும்போது பால் திரிந்துவிட்டதாம். அவர்கள் பாத்திரம் சரியில்லை என்று விட்டுவிட்டோம். அடுத்த திங்கட்கிழமை மூன்று கேன்டீன்கள். மூன்றாவது திங்கட்கிழமை போன் ஓயவே இல்லை. செவ்வாயிலிருந்து சனி வரை ஒரு புகாரும் கிடையாது. திங்கள் மட்டும்தான்.

எங்கள் இன்சார்ஜ் நசரத்பேட்டையில் பழைய விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவர். கெட்டவர் இல்லை. நெய்ப் பொங்கலோ பழமோ வீட்டில் என்ன செய்தாலும் எங்களுக்கு ஒரு தூக்கு கொண்டுவருவார். அவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாக மாடு. மாதத்தில் அந்த மூன்று நாளும் பெண்கள் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போகக் கூடாது, போனால் பால் திரிந்துவிடும் என்று அவருடைய அம்மா சொல்லித்தான் வளர்ந்தார். அவருக்கு வேறு காரணமே தோன்றவில்லை. அந்த மூன்றாவது திங்கட்கிழமை எங்கள் ஆறு பேரையும் வரிசையாக நிற்க வைத்தார். சங்கடத்தில் எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

"டாங்குல எறங்குறது நீதானமா ஸ்டெல்லா? நாள் கெழமை பாத்துதான எறங்குற?"

"இன்னா நாள் சார்? திங்கக்கெழமதான்."

"அது தெரியும். நீ தூரமா இருந்தா சொல்லிட்டு ஒதுங்கிக்கணும். அத்த கேக்குறேன்."

ஸ்டெல்லா முகம் சிவந்துவிட்டது. ஆனால் வாய் நிற்கவில்லை.

"வரிசையா மூணு திங்கக்கெழம பால் திரிஞ்சுது சார். எனக்கு வாராவாரமா வருது? இல்ல, நாங்க ஆறு பேரும் ஷிப்ட் போட்டுகினு ஒருத்தி மாத்தி ஒருத்தி வர்றோமா?"

பின்னாலிருந்த வேன் டிரைவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் வினையாகிவிட்டது. இன்சார்ஜுக்கு அவமானமாகப் போயிற்று.

"வாய் பேசாத. அடுத்த திங்கக்கெழமலேந்து காண்டிராக்ட் ஆம்பள ஆளுங்க வருவாங்க. டாங்கு வாய பெருசா வெட்டிக்கலாம். பொம்பளைங்க யாரும் பால் பக்கமே வர வேணாம்."

பால் பக்கம் வரக் கூடாதென்றால் எங்களுக்கு அங்கே வேறு வேலை எது? ஸ்டெல்லாவுக்குப் புருஷன் கிடையாது, இரண்டு பெண் பிள்ளைகள். மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு கஷ்டம். வேலை போவது ஒரு பக்கம். இந்தக் காரணத்துக்காகப் போனது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்பது இன்னொரு பக்கம். ஸ்டெல்லா குழாயடியில் போய் நின்று முகத்தைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

அன்று மத்தியானம் டாங்குக்கு அடியில் பைப் வளைகிற இடத்தைப் பிரித்தேன். அங்கே ஒரு ரப்பர் வளையம் இருக்கும், அதைத் தேய்த்துக் கழுவ வேண்டும். காலையில்தான் சோடா ஓடியிருந்தது. பைப் கண்ணாடி மாதிரி பளபளத்தது. நான் ஏன் வளைவுக்குள் விரலை விட்டேன் என்று தெரியவில்லை. கண் வேறு எங்கேயோ இருந்தது, விரல் தானாகப் போயிற்று.

வழுக்கியது.

நுங்கை உரிக்கும்போது உள்தோல் ஒன்று இருக்குமே, அந்த மாதிரி. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலுக்கு மட்டும் தெரிந்தது. நகத்தால் சுரண்டினேன், விடவில்லை. சோடா ஓடியும் போகாத ஒன்று அங்கே குடியிருந்தது. இது திங்கட்கிழமை மட்டும் இருக்கிறதா, என்றைக்கும் இருக்கிறதா? சனிக்கிழமை இரவும் ஞாயிறும் அந்த இருட்டுக்குள் என்ன நடந்தது? நான் ஊறப் போட்டேனே, அதிலா?

லேப்பில் ஒரு மேடம் புதிதாக வந்திருந்தார். ஆவடியிலிருந்து வருவார், மெதுவாகப் பேசுவார். அவரிடம் போய்ச் சொல்லலாம் என்று வாசல் வரை மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் திரும்பிவிட்டேன். நாலாவது தடவை அவர் சாப்பிடப் போயிருந்தார். அதே வழுக்கல் படிந்திருந்த ரப்பர் வளையத்தை ஒரு தட்டில் வைத்து அவர் மேசைமேல் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

சாயங்காலம் தட்டைத் தூக்கிக்கொண்டு அவரே கழுவுமிடத்துக்கு வந்தார்.

"இத யார் வெச்சது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"அலமேலும்மா, நீங்களா? பயப்படாதீங்க. இத எங்கேந்து எடுத்தீங்கன்னு மட்டும் காட்டுங்க."

காட்டினேன். அவர் தன் விரலையும் உள்ளே விட்டுப் பார்த்தார். பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்து, ஊறப் போடுவதைச் சொன்னேன். காது கேட்கிற அளவுக்குச் சொன்னேனா என்றுகூடத் தெரியாது. அவர் திட்டவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு, "மூணு டம்ளர் கெடைக்குமா?" என்றார்.

அந்தச் சனிக்கிழமை மூன்று எஃகு டம்ளர்களை வைத்தார். ஒன்றில் முழுப் பால். ஒன்றில் முதல் அலசல் தண்ணீர். ஒன்றில் வெறும் தண்ணீர். மூன்றிலும் அந்த வளைவிலிருந்து எடுத்ததில் ஒவ்வொரு சொட்டு. பக்கத்து அலமாரியில், பைப்புக்கு அடிக்கிற அதே வெக்கையில் வைத்து மூடினார். இதே போல இன்னொரு மூன்றைக் குளிர் அறையில் வைத்தார்.

திங்கட்கிழமை விடிகாலையில் நானும் அவரும் மட்டும் திறந்தோம். முழுப் பால் கெட்டியாகித் திரிந்து நாறியது. நான் முகத்தைச் சுளித்தேன். அலசல் தண்ணீர் வைத்தது வைத்தபடியே இருந்தது. அதே விடிகாலை நீலம். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, ஒரே மாதிரி சோடாவில் அலசித் தந்து, "இப்ப கைய விட்டுப் பாருங்க" என்றார்.

பால் டம்ளரில் விரல் கிறீச்சென்றது. சுத்தம். வெறும் தண்ணீர் டம்ளரிலும் சொல்லும்படி ஒன்றுமில்லை. அலசல் தண்ணீர் டம்ளரில் விரல் வழுக்கிக்கொண்டு போயிற்று. குளிர் அறையில் இருந்ததில் அந்த வழுக்கல் இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குத்தான்.

"நாறினதுதான் மோசம்னு நெனச்சேன் மேடம்."

"நானும் அப்படித்தான் நெனச்சிருப்பேன்" என்றார். "பால்ல கிருமி நெறைய வளரும், ஆனா அங்கங்க மெதந்துகிட்டே வளரும். சாப்பாடு சுத்தி இருக்கு, எதுக்கு ஒரு எடத்துல ஒட்டணும்? பால்ல இருக்கிற சத்தே செவுத்துல படிஞ்சு அதுங்கள ஒட்ட விடாதுன்னும் சொல்வாங்க. தண்ணி கலந்து சாப்பாடு கொறஞ்சா அதோட கொணமே மாறிடுது. செவுத்தப் புடிச்சுக்குது. பசை மாதிரி ஒண்ண விட்டு மேல மூடிக்குது. அப்புறம் நம்ம சோடா மேலோட ஓடிடும். எல்லாக் கிருமியும் இப்படின்னு சொல்ல மாட்டேன், ஒண்ணொண்ணுக்கு ஒரு கொணம். நம்ம பைப்புல இருக்கிறது இப்படி. ரெண்டு நாள்ல பெருகினது திங்கக்கெழம மொத பாலோட கலந்துடுது; மத்த நாள் தெனமும் கழுவுறதால பெருக நேரமில்ல."

எனக்கு எங்கள் ஏரிக்கரை ஞாபகம் வந்தது. நாங்கள் ஏரிப் புறம்போக்கில் இருந்தவர்கள். வேலை நன்றாகக் கிடைத்த காலத்தில் ஜனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வருவார்கள், போவார்கள், யாரும் நிலையாக இருக்க மாட்டார்கள். வேலை இல்லாத வருஷத்தில்தான் ஆளாளுக்குக் கழி நட்டார்கள், கூரை போட்டார்கள், ஒருத்தர் கூரையோடு இன்னொருத்தர் கூரையை இழுத்துக் கட்டினார்கள். அப்புறம் யார் வந்தும் அவர்களை அசைக்க முடியவில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கிருமிகள்மேல் எனக்கு அந்த நேரத்தில் கோபம் வரவில்லை. இரண்டு நாள் வெதுவெதுப்பான இருட்டு, அசையாத தண்ணீர், கொஞ்சமே கொஞ்சம் சாப்பாடு. கூரை போடச் சொல்லி இடத்தைக் கொடுத்தவள் நான்தான்.

வெளியே வந்தால் கேட்டில் ஆறு ஆம்பளைகள் நின்றிருந்தார்கள். காண்டிராக்ட் ஆட்கள். டாங்க் வாயை வெட்டும் மெஷினும் வந்திருந்தது. அன்றைக்குக் கேன்டீன் பாலைப் பெரிய டாங்கிலிருந்து அனுப்பியிருந்தார்கள். அதனால் பாக்கெட் பால் குறைந்து கடைக்காரர்கள் வேறு கத்திக்கொண்டிருந்தார்கள். இன்சார்ஜ் கையில் போனோடு அங்கும் இங்கும் நடந்தார். ஸ்டெல்லாவும் மற்ற நாலு பேரும் ஓரமாக நின்றிருந்தார்கள், கையில் டிபன் பையோடு.

மேடம் என் காதருகே, "நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?" என்றார்.

அவர் சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் ஒரு வாரமாக எனக்குச் சந்தேகம் இருந்தது. அந்த ஒரு வாரமும் ஸ்டெல்லா பேச்சு வாங்கிக்கொண்டு நின்றாள், நான் பக்கத்திலேயே பைப் துடைத்துக்கொண்டிருந்தேன். அதை வேறு யாரும் எனக்காகச் சொல்ல முடியாது. வளைவைப் பிரித்து அந்த ரப்பர் வளையத்தை எடுத்துக்கொண்டு போய் இன்சார்ஜ் முன்னால் நீட்டினேன்.

"இன்னாமா இது?"

"தொட்டுப் பாருங்க சார்."

தொட்டார். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"இன்னாது, மீன் தொட்ட மாதிரி கீது?"

"இதுதான் சார் பால திரிக்குது. இத நான்தான் வளத்தேன். சனிக்கெழம மொத அலசு அலசிட்டு, அந்தத் தண்ணிய வெளிய விடாம ஊறப் போட்டேன். தண்ணி இல்லன்னு. மூணு வாரமா. ஸ்டெல்லா மேல தப்பில்ல. யார் மேலயும் இல்ல. எந்த நாளும் காரணமில்ல சார், நான்தான் காரணம்."

என் வாழ்நாளில் நின்ற இடத்தில் நான் அத்தனை பேசியது அதுதான். மேடம் பால் வைத்த டம்ளரையும் அலசல் தண்ணீர் வைத்த டம்ளரையும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார், விரல் விட்டுப் பார்க்கச் சொன்னார். டிரைவர்கள், காண்டிராக்ட் ஆட்கள் எல்லாம் வரிசையாக வந்து விரல் விட்டுப் பார்த்தார்கள். ஒருவர், "ஆமா மாமே, இது வய்க்குது, அது வய்க்கல" என்றார்.

இன்சார்ஜ் விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார். அப்புறம், "ஒரு வாரம் பாக்குறேன்" என்றார். "அடுத்த திங்கக்கெழம சின்ன டாங்குலேந்து பால் போவும். திரிஞ்சுதுன்னா ஆறு பேரும் கெளம்பிடணும். மொதல்ல நீ."

ஆட்கள் மெஷினைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் ஸ்டெல்லா பக்கத்தில் போனேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்கா, ஒரு வாரமா உனுக்குத் தெரியுமா?"

"சந்தேகமா இருந்துச்சு."

"ஒரு வாரம் என் மானத்த ஊறப் போட்டியேக்கா" என்றாள். அதற்கப்புறம் சனிக்கிழமை வரை என்னோடு பேசவில்லை. ஓயாத வாய் ஓய்ந்துபோனால் அந்த இடம் எத்தனை பெரிதாகிவிடுகிறது!

இனி நான் சொல்வதைத்தான் நீங்கள் மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை லாரியே வரவில்லை. வழியில் மெட்ரோ வேலைக்காகச் சாலையை மறித்துவிட்டார்களாம். தொட்டியில் முழங்கால் அளவுத் தண்ணீர். பெரிய டாங்குக்குப் போக மீதி எங்களுக்கு இரண்டு டிரம்தான். மேடம் ஊரில் கல்யாணத்துக்குப் போயிருந்தார், போன் எடுக்கவில்லை. இன்சார்ஜ் லாரிக்காரரோடு சண்டை போட்டுவிட்டு வந்தார்.

"மொத அலசு மட்டும் போட்டு வுட்டுடு. மீதி திங்கக்கெழம பாத்துக்கலாம்."

எப்போதும் நான் சொல்கிற பதில் "சரி சார்." அது உதடு வரை வந்துவிட்டது. அன்றைக்கு அவர் சொன்னதைத் தட்டவும் பயம். ஆனால் அந்த நீல வெளுப்பு என் கண்முன் நின்றது. அரைகுறையாக அலசினால் பைப் முழுக்க அதுதான் நிற்கும்.

"வேணாம் சார்" என்றேன்.

"இன்னாமா வேணாம்? பால் பூசினதயே அப்டியே வுடப் போறியா?"

"அப்படியும் விட மாட்டேன். அலசவே வேணாம், பிரிச்சுடறேன். ஒவ்வொரு துண்டா கையால கழுவிக் காய வெக்கறேன். ஈரமே இருக்கக் கூடாது."

"மொத்த பைப்பையுமா? சாயங்காலம் ஆயிடும்."

"ஆவட்டும் சார்."

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு உறுதி ஒன்றும் கிடையாது. மேடம் சொல்லித் தந்ததில் இது இல்லை. கிருமி ஒட்டுவதற்கு என்னென்ன வேண்டும் என்று அவர் சொன்னதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான். சாப்பாடும் கிடைக்கக் கூடாது, தண்ணீரும் கிடைக்கக் கூடாது.

ஒரு டிரம்மில் கொதிக்கிற சோடா, இன்னொன்றில் நல்ல தண்ணீர். பைப்புகளைத் துண்டு துண்டாகக் கழற்றினோம். ஒரு துண்டைப் பிரஷ் விட்டுத் தேய்த்து, முக்கி எடுத்து, வெந்நீரில் அலசின துணியைக் கழியில் கட்டி உள்ளே விட்டு இழுத்து, அப்புறம்தான் அடுத்தது. ரப்பர் வளையங்கள் முழுவதையும் எடுத்துப் போட்டுவிட்டுப் புதிது எடுத்து வைத்தேன். டாங்குக்குள் யார் போவது என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு முகமில்லை. ஸ்டெல்லா தானாகவே கால் கழுவிக்கொண்டு, முடியை இழுத்துக் கட்டிக்கொண்டு ஏறினாள். உள்ளே இறங்கியும் பேசவில்லை. பிரஷ் சத்தம் மட்டும் மழை மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் அந்த வட்ட வாயிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"அக்கா, இன்னொரு துணி குடு. மூலைல ஈரம் கீது."

ஐந்து நாளுக்குப் பிறகு 'அக்கா' என்றாள். துணியைக் கொடுக்கும்போது என் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது.

சாயங்கால வெயிலில், வெள்ளைத் துணி விரித்து மூடிய மேசையில் பைப்புத் துண்டுகள் வரிசையாகக் காய்ந்தன. டாங்கின் வாயையும் மெல்லிய துணியால் கட்டினோம். ஞாயிறு முழுக்க நான் வீட்டில் இருந்தேன் என்றுதான் பெயர். சோறு வடிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் மனசு அந்த டாங்குக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. மத்தியானம் கண் அயர்ந்தபோது ஒரு கனவு. காய்ந்த எஃகுத் தரை, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. அதில் பாயைச் சுருட்டிக்கொண்டு ஜனங்கள் நடந்துகொண்டே இருக்கிறார்கள். உட்கார ஒரு இடம் கிடைக்கவில்லை. யாரும் கோபமாக இல்லை. நடந்து நடந்து வெளிச்சத்துக்குள் போய்விட்டார்கள்.

ஞாயிறு மத்தியானமே லாரி வந்துவிட்டிருந்தது. திங்கள் விடிகாலை பைப்புகளைப் பூட்டி, ஒரு தடவை வெந்நீர் ஓட்டி, அதை முழுக்க வடிய விட்டுப் பாலை ஏற்றினோம். எட்டு மணிக்கு வேன்கள் கிளம்பின. ஒன்பது மணிக்குத் தரையைக் கழுவ ஆரம்பித்தோம். பத்து மணிக்கு இன்சார்ஜ் நாற்காலியை எடுத்துப்போட்டுக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் ஆறு பேரும் கழுவின தரையையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தோம்.

பத்தே காலுக்குப் போன் அடித்தது. என் கையிலிருந்து பிரஷ் விழுந்துவிட்டது. அவர் எடுத்தார். கேட்டார். "சரிங்க. சரிங்க. அனுப்பறேன்" என்று வைத்தார்.

"இன்னா சார்?" என்று ஸ்டெல்லாதான் கேட்டாள்.

"பத்து லிட்டர் சேத்து அனுப்பணுமாம். நாளைக்கு ஏதோ மீட்டிங்காம்."

பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. வேறு ஒருவரும் கூப்பிடவில்லை. மத்தியானம் டாங்க் காலியானதும் இன்சார்ஜ் எங்களிடம் வந்தார். இதைத்தான் கேட்டார்.

"டாங்கு காலி. யாரு எறங்குறது?"

ஸ்டெல்லா முன்னால் போய் நின்றாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ஆனால் கத்தாமல் சொன்னாள்.

"சனிக்கெழம நான் எறங்கி வெளக்கனேனே சார், அன்னிக்குத்தான் எனக்கு மொத நாள். இன்னிக்கு மூணாவது நாள். எறங்கட்டா, ஒதுங்கி நிக்கட்டா?"

எனக்கே அது தெரியாது, அவள் என்னிடம் சொல்லவில்லை. இன்சார்ஜ் தரையைப் பார்த்தார். டாங்கைப் பார்த்தார். அன்று காலையில் அவரே ஒரு டம்ளர் பால் அதிலிருந்து வாங்கிக் குடித்திருந்தார்.

அப்புறம் சுவரில் மாட்டியிருந்த டார்ச்சை எடுத்துக்கொண்டு ஏணியில் அவரே ஏறினார். வட்ட வாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே வெளிச்சத்தைக் காட்டினார்.

"வழுக்கப் போவுது, காலப் பாத்து வெச்சு எறங்குமா" என்றார்.